உள்ளே ஆள்

என் தம்பி லானி கோவாச் தன் மறதியால் செத்தான் என்று ஓஹியோ மாநிலத்துக் காகிதம் ஒன்றில் எழுதியிருக்கிறது. அதை நான் நூறு தடவை படித்திருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பொய்யை எவ்வளவு சுத்தமாக எழுதலாம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என் வீட்டுக்கு வரலாம், காட்டுகிறேன்.

ஹேஸ்பரி ஆலையில் நாங்கள் வாஷிங் மெஷினுக்கு உடம்பு அடித்தோம். தகட்டை உள்ளே தள்ளுவோம். எண்ணூறு டன் பலத்தோடு பிரஸ் இறங்கும். எழும்பும்போது தகடு ஒரு பக்கப் பலகையாக மாறியிருக்கும். அந்தப் பிரஸ்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் சீமாட்டி. இரண்டு மாடி உயரம், பக்கவாட்டில் ஒரு பெரிய சுழல் சக்கரம். நான் அவளிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். லானி பதினாறு வருடம்.

சீமாட்டியின் வாய்க்குள் ஆள் போகவேண்டிய வேலை தினமும் வரும். தகடு சிக்கும், தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் மேல், கீழ் அச்சுகளை மாற்றவேண்டும், உடைந்த துண்டைப் பொறுக்கவேண்டும். உள்ளே போகிறவன் முதலில் தூணில் இருக்கும் மின்பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்து, அதில் தன் பூட்டை மாட்டுவான். ஆளுக்கு இரண்டு சிவப்புப் பூட்டு, இரண்டுக்கும் ஒரே சாவி. பூட்டில் பெயர் இருக்கும். கூடவே ஒரு அட்டை தொங்கும்: 'உள்ளே ஆள். என் பூட்டைத் தொடாதே.' பூட்டு தொங்கும்வரை சீமாட்டிக்கு மின்சாரம் இல்லை. போட்டவன்தான் எடுக்கவேண்டும். அவன் பெண்டாட்டி வந்தாலும் தொடக்கூடாது, முதலாளி வந்தாலும் தொடக்கூடாது. மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் போன் போட்டு, முழங்கால் பனியிலும் திரும்ப வரவழைப்பார்கள். அடுத்த நாள் அவன் செலவில் எல்லோருக்கும் டோனட்.

லானி ஹேஸ்பரிக்கு நிறைய டோனட் வாங்கிக்கொடுத்தவன். ஒரு வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் விருந்திலிருந்து, வாயில் மீனோடு, பூட்டைத் திறக்க ஓடிவந்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பூட்டு போடாமல் எவனாவது உள்ளே போய்விட்டால், பக்கத்தில் நிற்கிறவர் தன் பூட்டை மாட்டிவிடவேண்டும். திட்டுவதெல்லாம் அப்புறம், முதலில் பூட்டு. லானி சேர்ந்த புதிதில் அவனுக்காக நான் மாட்டிய பூட்டுகளுக்குக் கணக்கே இல்லை. "அக்கா, பேசாம உன் பூட்டுல என் பேரையும் சேர்த்து எழுதிடு" என்பான். "செருப்பால எழுதறேன், வா" என்பேன்.

ஆறு வருடம் முன்பு ஆலையை நியூயார்க்கில் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. மூன்றெழுத்துப் பெயர். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று கடைசிவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வந்ததும் ஆலை நின்ற நிலத்தை விற்று, அதே நிலத்துக்கு ஆலையை வாடகை கட்டவைத்தார்கள். பிறகு ஆலையின் பெயரில் கடன் வாங்கி, அதை லாபம் என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் ஓய்வூதியத்தில் கைவைத்தார்கள். பழுதுபார்க்கப் பதினாலு பேர் இருந்த இடத்தில் இரண்டு பேரை வைத்தார்கள். சீமாட்டியின் இயக்குப் பலகையில், மின்சாரம் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு பியூஸ் போய் இரண்டு வருடமாகியும் மாற்ற ஆளில்லை. எங்களுக்கு மொட்டையடித்ததோடு விடவில்லை, விழுந்த முடியையும் கூட்டி விற்றார்கள்.

அவர்கள் அனுப்பிய மேலாளர்தான் கார்ட்டர் பிளைத். முப்பத்துமூன்று வயது, வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு சின்னக் கருவி. அதில் நியூயார்க் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஆலைக்குள் நடமாடியவர்களில் பூட்டு இல்லாத ஒரே மனிதன் அவன்தான்.

அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும். பத்து நிமிஷம் இருக்கும்போது நான் கை கழுவப் போனேன். லானி, உள்ளே உடைந்த துண்டு ஒன்று கிடக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன் என்றான். அவன் பூட்டு போட்டதை நான் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பியிருந்தேன்.

சீமாட்டி தகட்டை அடித்தால் கணீரென்று கேட்கும். அன்று கேட்டது கணீரென்ற சத்தம் இல்லை. நனைந்த துணிமூட்டையை மாடியிலிருந்து போட்டது போலிருந்தது. சோப்பு நுரையோடு ஓடினேன்.

லானியின் பூட்ஸ் இரண்டும் பின்பக்கம் வெளியே இருந்தன. முழங்கால்வரை கால்களும் இருந்தன. அதற்கு மேல் சீமாட்டி இருந்தாள். இயக்குப் பலகையின் முன்னால், சேர்ந்து மூன்று நாளான ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தன், உள்ளங்கைகளைப் பொத்தான்களிலிருந்து எடுக்கத் தெரியாமல் நின்றான். சீமாட்டிக்கு இரண்டு பச்சைப் பொத்தான்கள், உள்ளங்கை அகலம். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்குவாள். எங்கள் சங்கத் தலைவர் அர்வில் அவனைத் தள்ளிவிட்டு, அவளை மேலே ஏற்றினார். ஏற்றியிருக்கவேண்டாம். என் தம்பி இரண்டு அச்சிலும் இருந்தான், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். வாஷிங் மெஷின் பலகையின் வளைவு அவன் முதுகில் அச்சாகப் பதிந்திருந்தது. மேலே இருந்தது மெதுவாகச் சொட்டியது.

நான் முதலில் திரும்பிப் பார்த்தது தூணை. பெட்டியில் பூட்டு இல்லை. "மறந்துட்டியாடா" என்றுதான் என் வாயில் வந்தது. செத்துக் கிடக்கிறவனைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. அதற்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

தூணடியில் மண்டிபோட்டு வாந்தியெடுத்தபோதுதான் அதைக் கண்டேன். பூட்டின் வளையத்தில் ஒரு துண்டு, கட்டைவிரல் நீளம். இரண்டு முனையிலும் வெட்டுப்பட்ட இடம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. இரும்பு வெட்டும் பெரிய கத்தரியால் வெட்டிய வளையம். அப்படி ஒரு கத்தரி ஆலையில் ஒன்றுதான் உண்டு, அது பிளைத்தின் அறையில் மாட்டியிருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். பிளைத் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றான். பை புடைத்திருந்தது. நான் பாய்ந்துபோய் அவன் கழுத்தைப் பிடித்தேன். நாலு பேர் சேர்ந்து பிரிக்கும்போது அவன் சட்டைக் காலர் என் கையில் இருந்தது. பையில் கைவிட யாருக்கும் தோன்றவில்லை. போலீஸ் வருவதற்குள் அவன் கழுவிக்கொள்ளப் போய்விட்டான்.

பூட்டே இல்லை என்று பிளைத் எழுதிக்கொடுத்தான். அந்த மாதத்தில் லானி இரண்டு தடவை பூட்டு விஷயத்தில் தவறினான் என்றும் எழுதினான். தவறினானாம். பூட்டை எடுக்க மறந்ததைப் போட மறந்ததாகத் திருப்பிவிட்டான். ஒப்பந்தத் தொழிலாளியை அன்றே பஸ் ஏற்றி அனுப்பினார்கள், அவன் போன் எண் செத்துவிட்டது. பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வந்தார். அரை நாள் இருந்தார், அதில் பாதி நேரம் பிளைத்தோடு சாப்பிட்டார். வளையத் துண்டைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அது ஒரு உறையில் திரும்பி வந்தது. சம்பவத்தோடு தொடர்பில்லை என்று ஒரு சீட்டும் கூட வந்தது.

சொல்கிறேன், இழப்பீட்டுப் பணம் வராதது பெரிதில்லை. லானியின் மனைவி ட்ரூடி ஆஸ்பத்திரியில் துணி துவைத்துப் பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூத்த பெண் கேசி, பதினொரு வயது, தன் கையில் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். வீட்டுச் சாவி. அடுப்பை அணை. தங்கச்சியைக் கூப்பிடு. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எழுத்து. ஏன் என்று கேட்டேன். அப்பாவின் மறதி தனக்கும் இருக்கும் என்றாள். அந்தக் கையைப் பார்த்த அன்று எனக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம் என்று முடிவு செய்தேன். பூட்டு இருந்தது, நான்தான் வெட்டினேன் என்று பிளைத் தன் வாயால் சொல்லவேண்டும். லானியின் இரண்டாவது பூட்டு அவன் அலமாரியில் இருந்தது. அதை அட்டையோடு, திறந்தபடியே, என் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டேன். சாவியை என் சாவிக்கொத்தில் கோத்தேன்.

பிப்ரவரியில் எங்கள் மாநில செனட்டர் ஹாலிஸ் வெய்ன்ரைட் ஆலைக்கு வந்தார். புத்தம் புதுத் தொப்பி, புத்தம் புதுப் பூட்ஸ். ஆலைக்குப் பத்து வருடம் வரி விலக்கு வாங்கிக்கொடுத்திருக்கிறாராம், ஹேஸ்பரி இனி எழுந்து நிற்குமாம். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், மறைக்கமாட்டேன். கூட்டம் முடிந்ததும் வளையத் துண்டை அவர் கையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். கண்கள்கூடக் கொஞ்சம் கலங்கின.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. இனிமே இது என் வீட்டுச் சாவு" என்றார்.

அந்த மாதம் முடிவதற்குள் அவர் வீட்டுச் சாவு பழைய சாவாகிவிட்டது. மூன்றாம் வாரம் ஆலையை மூடப்போவதாக வாசலில் ஒட்டினார்கள். இயந்திரங்களை விற்கிறார்கள், சீமாட்டி மெக்சிகோவில் மோன்டெர்ரேவுக்குப் போகிறாள். வரி விலக்குக் காகிதத்தில் ஆலை இங்கேயே இருக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் செனட்டர் மறந்துவிட்டாராம். டிவியில் சொன்னார். மறந்துவிட்டாராம்! இந்த மாநிலத்தில் மறதிக்குச் சாகவேண்டியவன் லானி கோவாச் மட்டும்தான்.

ஏப்ரலில் சின்ன பிரஸ்களை ஏற்ற லாரிகள் வந்தன. வாசலில் நின்று மறித்தோம். கம்பெனி வெளியூரிலிருந்து காவல் ஆட்களைக் கொண்டுவந்திருந்தது. கறுப்பு உடுப்பு, தடி, ஆறு நாய்கள். எங்களோடு ஒரே தேவாலயத்தில் உட்காரும் போலீஸ்காரர்கள் சாலைக்கு அந்தப்பக்கம் காரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடி அர்வில் அண்ணன் வாயில் விழுந்தது. அறுபத்திரண்டு வயது மனிதர், பல்லைத் தரையில் துப்பிவிட்டு, அடித்தவனின் மூக்கைத் தன் நெற்றியால் உடைத்தார். என் கையில் காபி பிளாஸ்க்தான் இருந்தது. அதனால் ஒருத்தன் காதோடு சேர்த்து அடித்தேன், அவன் முட்டிபோட்டு விழுந்தான், மறுபடி அடித்தேன். ஒரு நாய் என் தொடையைக் கவ்விச் சதையோடு இழுத்தது. எங்கள் ஆட்களில் ஒருவருக்கு ஒரு கண் போனது. லாரிகள் ரத்தத்தின் மேல் ஏறிப் போயின. டிவியில் செனட்டர், இரு தரப்பும் அமைதி காக்கவேண்டும் என்றார்.

ஜூன் மாதம் கடைசி நாள். முப்பத்திரண்டு பேர்தான் மிச்சம். கடைசி நாள்வரை இருந்தால்தான் கடைசிச் சம்பளம் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். மோன்டெர்ரேவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒருவர் கோட்டு போட்டவர், இன்னொருவர் நரைமீசை மெக்கானிக். சீமாட்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டினேன். பத்துப் பலகை கணீர் கணீரென்று அடித்தாள்.

பிறகு கோட்டுக்காரர் அச்சின் பின்னால் பொறித்திருக்கும் எண்ணைப் படம் பிடிக்கவேண்டும் என்றார். பிளைத் எங்களைப் பார்த்தான். நாங்கள் சுவரைப் பார்த்தோம். அவன் தன் போனை எடுத்துக்கொண்டு சீமாட்டியின் வாய்ப்பக்கம் நடந்தான்.

"சார், பூட்டு போட்டுட்டுப் போங்க" என்றார் அர்வில்.

பல் போன வாயால் அந்த மனிதர் அதைச் சொன்னார். பழக்கம்.

"ரெண்டு செகண்ட் வேலை, அர்வில்" என்று சொல்லிவிட்டுப் பிளைத் உள்ளே ஏறினான். குனிந்தான். வெள்ளைச் சட்டை அச்சுக்கு நடுவில் போனது.

நான் அப்போது தூணருகில் நின்றிருந்தேன். தூணிலிருந்து இயக்குப் பலகைக்கு எட்டு அடி. அந்த எட்டு அடி நடப்பதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்று போலீஸ் பதினோரு தடவை கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் காது அடைத்தது, அடுத்து என் உள்ளங்கைகள் இரண்டும் பச்சைப் பொத்தான்களின் மேல் இருந்தன. அமுக்கவில்லை, வைத்திருந்தேன். சுழல் சக்கரம் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

"பிளைத்" என்று கூப்பிட்டேன்.

அவன் திரும்பி என் கைகளைப் பார்த்தான். போன் நழுவி விழுந்தது. வெளியே வர ஒரு கால் எடுத்து வைத்தான்.

"அசைஞ்சே, அமுக்கிடுவேன். என் தம்பியோட பூட்டு எங்கடா?"

நின்றான். முப்பத்தொரு பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவர்கூட என்னைத் தடுக்க வரவில்லை, ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அர்வில் கைகளைக் கட்டிக்கொண்டு என் பின்னால் எதையோ பார்த்தார். சரி, எல்லோருக்கும் இதுதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தைரியம் வந்தது. கோட்டுக்காரர் ஏதோ கத்தினார். நரைமீசைக்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

பிளைத் பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். கைகளைக் கொஞ்சம் அழுத்தினேன். பொத்தான் பாதி இறங்கியதும் டக்கென்று ஒரு சத்தம் வரும். அது வந்தது. அவன் கால்சட்டை நனைந்தது, சொட்டு அச்சின் மேல் விழுந்தது. லானி சொட்டிய அதே இடம்.

"இருந்துச்சு" என்றான். "பூட்டு இருந்துச்சு."

"யார் வெட்டினது?"

"நான்தான். நான்தான் வெட்டினேன். அவன் வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன். போன் போட்டேன், எடுக்கல. நியூயார்க் லைன்ல இருந்தாங்க, ஏன் ஓடல, ஏன் ஓடலன்னு கேட்டுட்டே இருந்தாங்க. நான் உள்ள பாக்கல. கடவுள் சத்தியமா பாக்கல."

லானியின் போன் அவன் அலமாரியில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே போகும்போது போன் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது விதி. விதிப்படி நடந்தான் என் தம்பி.

"வெட்டின பூட்டு?"

"ஆத்துல போட்டேன்."

"ஆய்வாளர்?"

"செனட்டர் ஆபீஸ்ல இருந்து அவருக்குப் பேசினாங்க. வரி விலக்கு கையெழுத்தாகற நேரம், சீக்கிரம் முடிங்கன்னு. நோரீன், ப்ளீஸ். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா."

கேட்டதைச் சொல்லிவிட்டான். முப்பத்தொரு பேர் கேட்டார்கள். நான் எட்டு மாதம் ஏங்கிக்கிடந்த வாக்கியம் அது. அதோடு கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கவேண்டும்.

ஆனால் அவன் பொண்ணு என்றதும் எனக்குக் கேசியின் கை நினைவுக்கு வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. அமுக்கினேன். தவறிப்போய் இல்லை, கோபத்தில் கை நடுங்கியும் இல்லை. இருபத்திரண்டு வருடம் எப்படி அமுக்கினேனோ அப்படி, இரண்டு உள்ளங்கைகளாலும், தோள் பலத்தோடு, அடிவரைக்கும் அமுக்கினேன். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே அமுக்கினேன்.

சீமாட்டி இறங்கவில்லை.

மறுபடி அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. பிளைத் கைகளால் தலையை மூடிக்கொண்டு அலறினான். மூன்றாவது தடவை அமுக்கும்போதுதான் வாசலிலிருந்து ஓடிவந்த காவல்காரன் தடியால் என் வலது முன்கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கை விழவில்லை, அதனால் அவன் அதே இடத்தில் மறுபடி அடித்தான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் விழுந்தேன். என் வாயில் அவன் பூட்ஸ் இறங்கியது.

அதற்குமேல் அவன் அடிக்கவில்லை, அடிக்கவிடவில்லை. ஏப்ரலில் வாசலில் வாங்கியதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு நினைவிருந்தது. அர்வில் அவன் கையிலிருந்த தடியைப் பிடுங்கி அவன் முட்டியில் போட்டார். பிறகு அவன் மேல் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. அவன் முகம் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்தார்கள். பிளைத் சீமாட்டியின் வாயிலிருந்து தவழ்ந்து வெளியே விழுந்தான். தகட்டு விளிம்பு அவன் உள்ளங்கையை எலும்புவரை பிளந்திருந்தது. அவனை யாரும் தொடவில்லை. தாண்டித்தான் போனார்கள்.

தரையில் கிடந்தபடி தூணைப் பார்த்தேன். மின்பெட்டியின் கைப்பிடி கீழே இழுக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. லானி என்று எழுதியிருந்தது. உள்ளே ஆள், என் பூட்டைத் தொடாதே.

என் இடுப்பு வாரைத் தடவினேன். பூட்டு அங்கே இல்லை.

என் கை போட்டிருக்கிறது. ஒருத்தன் பூட்டில்லாமல் உள்ளே போனான், நான் தூணருகில் நின்றேன், கை தன்பாட்டுக்குக் கைப்பிடியை இழுத்துப் பூட்டை மாட்டிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மின்சாரம் போனாலும் சீமாட்டியின் சக்கரம் அடங்க ஏழெட்டு நிமிஷம் ஆகும், அதனால்தான் உறுமல் கேட்டது. பச்சை விளக்கு இருந்திருந்தால் அணைந்ததைப் பார்த்திருப்பேன். அந்த ஆலையில் அன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இரண்டே பேருக்குத் தெரியாது. பூட்டு என்றால் என்னவென்றே அறியாத பிளைத்துக்கும், அதைப் போட்ட எனக்கும். நரைமீசைக்காரர் என் உள்ளங்கைகளைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கொலை முயற்சி வழக்கு போட்டார்கள். நவம்பரில் விசாரணை. என் கை கோணலாகச் சேர்ந்திருந்தது. முப்பத்தொரு பேரும் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி பைபிளில் கைவைத்துச் சொன்னார்கள்: நோரீன் முதலில் பூட்டைப் போட்டாள், பிறகு வெறும் மிரட்டலுக்காகக் கையை வைத்தாள், பொத்தானை அமுக்கவே இல்லை. ஒவ்வொருவரும் போகிற போக்கில், பூட்டு இருந்தது, நான்தான் வெட்டினேன் என்று பிளைத் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்கள். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று நீதிபதி முப்பத்தொரு தடவையும் அதை நீக்கச் சொன்னார். அவர் நீக்கினார். ட்ரூடியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேசி நீக்கவில்லை. உதட்டை அசைத்துத் தானும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அமுக்கினேன் என்று பிளைத் மட்டும் சொன்னான். உண்மையைச் சொன்னான். யாரும் நம்பவில்லை.

அரசு வக்கீல் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். பெட்டியில் பூட்டு இருப்பது அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியுமா? மேஜையில் லானியின் பூட்டு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. பூட்டு விஷயத்தில் ஒருத்தன் பொய் சொன்னதற்காகத்தான் நான் அவனைக் கொல்லப் போனேன்.

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன்.

விடுதலை. சீமாட்டி ஏற்கனவே மோன்டெர்ரே போய்ச் சேர்ந்திருந்தாள். பிளைத்துக்கு வேறு ஊரில் வேறு ஆலை கொடுத்திருக்கிறார்கள். செனட்டர் மறுபடி ஜெயித்துவிட்டார்.

அர்வில் அண்ணன்தான் தன் லாரியில் என்னை வீட்டுக்கு ஓட்டிவந்தார். பூட்டிக்கிடந்த ஆலையைத் தாண்டினோம். பிறகு என்னால் அடக்கமுடியவில்லை.

"அண்ணே, நான் அமுக்கினேன்" என்றேன். "நெஜமாவே அமுக்கினேன். பூட்டு இருக்கறது எனக்குத் தெரியாது."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு தடவை அமுக்கினே" என்றார். "முப்பத்தொரு பேரும் பாத்துக்கிட்டுத்தானே நின்னோம்."

என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நான் இறங்கும்வரை காத்திருந்தார். வலது கையால் கதவைத் திறக்க எனக்கு இப்போதும் முடியாது. அவர்தான் குனிந்து திறந்துவிட்டார்.